முன்னாள் மாணவர்கள் குப்புறப் படுக்கும் நாள்

வருடத்துக்கு ஒரு முறை நான் படித்த கைரோபிராக்டிக் கல்லூரிக்குப் போய்விட்டு வருகிறேன். நாங்கள் இருக்கும் டெக்சாஸ் சுகர் லேண்டிலிருந்து ஃப்ரீவேயில் காரில் நாலு மணி நேரம். "படிச்ச காலேஜ் மேல அவருக்கு அவ்ளோ பாசம்" என்று என் மனைவி பார்ட்டிகளில் பெருமையாகச் சொல்வாள். நானும் அடக்கமாகச் சிரித்து வைப்பேன். உண்மையில் எனக்கு இடுப்பு வலி.

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வது என் தொழில். ஊரில் எல்லார் முதுகுக்கும் எட்டுகிற என் கை என் முதுகுக்கு எட்டாது. சுகர் லேண்டிலேயே இன்னொரு கைரோபிராக்டரிடம் போகலாம்தான். ஆனால் அவருடைய வரவேற்பறையில் நம் ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மாலைக்குள் விஷயம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற முதுகு டாக்டரிடம் அப்புறம் யார் வருவார்கள்? என் மானம் ஏற்கெனவே கப்பலேறத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதை அங்கே கொண்டுபோய் விட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் இதய நிபுணர் அங்கிள். எந்த விசேஷத்திலும் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும் பொறுப்பு அவருடையது. "இவரும் டாக்டர்தான். பயப்படாதீங்க, மருந்தெல்லாம் குடுக்க மாட்டார். நெட்டி முறிச்சு விடுவார், அவ்ளோதான்!" கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பன்னிரண்டு வருடமாக இப்படிச் சிரித்ததற்கு எனக்குத் தாடைவலிதான் முதலில் வந்திருக்க வேண்டும். மனுஷனுக்கு விளையாட்டுப் புத்தி, நம் மனது நோகும் என்று தெரியாமல் பேசுகிறார் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

இந்த வருடம் பொங்கல் விழாவில் ஒரு மடக்கு மேசையைத் தூக்கினேன். கனமான பொருளை எப்படித் தூக்கவேண்டும் என்று நோயாளிகளுக்குப் படம் காட்டி விளக்குகிறவன் நான். அந்தப் படத்தில் எதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருக்கிறதோ, அப்படியே தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று, வந்தவர் போனவர் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை வரவேற்புக் குழுவில் போட்டிருப்பதாக நினைத்திருப்பார்கள்.

நல்ல வேளையாக அடுத்த சனிக்கிழமையே கல்லூரியில் முன்னாள் மாணவர் தினம்.

நிகழ்ச்சி நிரல் கம்பீரமாகத்தான் இருக்கும். கல்லூரித் தலைவர் உரை, புதிய கட்டடத்தைப் பார்வையிடல், மதிய விருந்து. ஆனால் வருகிறவர்களின் நடையைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். ஒருவர் காரிலிருந்து பக்கவாட்டில் இறங்குவார். இன்னொருவர் கழுத்தைத் திருப்பாமல் மொத்த உடம்போடும் திரும்பிக் கை கொடுப்பார். அவரவர் ஊரில் மறைத்து வைத்த முதுகை எல்லாரும் இங்கே சுமந்து வந்திருக்கிறோம். உரைக்கான கைதட்டல் ஓயும் முன்பே பயிற்சிக் கூடத்துக்கு ஓடி இடம் பிடிப்போம். படிக்கிற காலத்தில் ஒருவர் முதுகில் ஒருவர் பழகிய அதே கட்டில்கள். அன்று என் ஜோடியாக இருந்த அமெரிக்கப் பெண்மணி இப்போது அங்கேயே ஆசிரியை. என் முதுகு என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "அதே இடமா?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள். அதற்குமேல் குசலம் விசாரிப்பதில்லை.

குப்புறப் படுத்து, கட்டிலின் தலைப்பக்கத்து ஓட்டையில் முகத்தைப் புதைத்தேன். தரையும் வருகிறவர்களின் ஷூக்களும் மட்டும்தான் தெரியும். அவள் அழுத்தினாள். "ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டேன்.

இரண்டு ஜோடி ஷூக்கள் வந்து நின்றன.

"டாக்டர்! நீங்களா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? இனிமேல் சேரப்போகிறவர்களுக்கும் அன்று கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்பதை நிரலில் நான் படிக்கவில்லை. அங்கிள் தன் மகளோடு வந்திருந்தார். சோலி முடிந்தது, திங்கட்கிழமை கிளினிக்கைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நிமிடம் அசையாதே என்று என்னிடம் உத்தரவு போட்டுவிட்டு, என் தோழி அந்தப் பெண்ணை எக்ஸ்ரே அறை காட்ட அழைத்துப் போனாள். அங்கிள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"மெடிசின் வேணாங்கறா. இதுதான் படிப்பாளாம். சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்" என்றார். அப்புறம் என் காதருகே குனிந்து, "என்னை இங்க பார்த்ததை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

அதையே அவரிடம் கேட்கத்தான் நானும் வாயைத் திறந்திருந்தேன்.

"சொல்லல அங்கிள். நீங்களும் சொல்லாதீங்க."

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நம்ம ஆளுங்க இவளைக் கிண்டல் பண்ணுவாங்களா?"

"பண்ணுவாங்க அங்கிள்."

"நான் உங்களைப் பண்ற அளவுக்கா?"

அப்படியென்றால் இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு யாரை முறைப்பது?

"உங்க அளவுக்கு வேற யாராலயும் முடியாது அங்கிள்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். ஷூக்கள் இரண்டும் மெல்ல நாற்காலிக்கு அடியில் பின்வாங்கின.