கோட்டைக்குள் ஒளிந்த ஆள்

சிதம்பரத்தில் நான் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்கு, டிரிப் இடைவெளியில் கடலூர் பஸ் கண்டக்டர் ஒருவர் வருவார். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். ராஜாக்களும் மந்திரவாதிகளும் மோதும் கம்ப்யூட்டர் விளையாட்டை இருவரும் எதிரெதிராக ஆடுவோம். அவர் படையே திரட்ட மாட்டார். மாயப் போர்வை போர்த்திய கொலையாளி ஒருவனை என் கோட்டைக்குள் அனுப்பிவிட்டு, விசிலைக் கடித்தபடி காத்திருப்பார்.

விடக் கூடாதென்று ராஜாவைச் சுற்றிக் காவலைக் குவித்தேன்.

"காவல் ஜாஸ்தியா இருக்கற எடத்துலதான மச்சான் ராஜா இருப்பாரு?" என்றார். ராஜா செத்தார்.

மறுநாள் புது ஆட்டம். காலி மண்டபத்துக்குக் காவல் போட்டு, ராஜாவைக் குதிரை லாயத்தில் ஒளித்தேன். கண்டக்டர் தன் ஆளை உள்ளே விட்டு, வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"பஸ் எடுக்கணும். ஆட்டத்த அப்படியே வச்சிரு, வரேன்."

வரவில்லை. ரூட் மாற்றிவிட்டார்களாம். ஆட்டத்தை நான் அழிக்கவில்லை. அவருடைய ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ராஜாவை நான் லாயத்தைவிட்டு வெளியே விடுவதாக இல்லை.