அன்னாசி எறிந்த இசக்கிசெல்வி

ஐந்தருவிக்குப் போகிற சாலையில், வளைவு திரும்பியதும் ஒரு நாவல் மரம் நிற்கும். அந்த மரத்தடிதான் இசக்கிசெல்வியின் இடம். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. சாரல் விழுகிற முதல் நாள் யார் அங்கே தார்ப்பாயைக் கட்டிச் சூடம் கொளுத்துகிறார்களோ, அந்தச் சீசன் முடிகிற வரைக்கும் இடம் அவர்களுடையது. காலியாகப் போட்டுவிட்டுப் போனால் பக்கத்துக் கடைக்காரி பாயை இழுத்து விரித்துக்கொள்வாள். அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் கிடையாது. அங்கே அதுதான் வழக்கம், யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

இசக்கிசெல்விக்கு முன்னால் அந்த மரத்தடியில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். கீழப்பாவூரில் வயல் வேலை அற்றுப்போனபோது, தலையில் ஒரு கூடைப் பலாச்சுளையும் இடுப்பில் இந்தப் பிள்ளையுமாக வந்தவள். ஒருநாள் குடிகாரன் ஒருத்தன் கூடையைப் பிடித்து இழுத்தான். பிள்ளை ஓடிப்போய் அவன் கையைக் கடித்தது. எலும்பு தட்டுப்பட்ட பிறகும் விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து வாயைப் பிளந்துதான் எடுத்தார்கள். அன்றைக்கு அவளை ஒருவராவது அதட்டியிருக்க வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை அதையே பிடித்துக்கொண்டு வளர்ந்தது.

வளர்ந்து, ஆட்டோ ஓட்டுகிற ஆவுடையப்பனைக் கட்டிக்கொண்டு, அம்மா போன பிறகு அதே மரத்தடியில் அன்னாசி, ரம்புட்டான், மங்குஸ்தான், பலா என்று விற்றாள். அன்னாசியை வளையம் வளையமாக அரிந்து மிளகாயும் உப்பும் தூவிக் கொடுப்பாள். குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் அதைத் தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வழிய மறுபடியும் கேட்பார்கள். சீசனில் சம்பாதிப்பதில்தான் வருசம் முழுக்க வீட்டில் அடுப்பு எரியும்.

பக்கத்துக் கடை மூக்கம்மாளுடையது. வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். அந்த வருசம் சீசன் தொடங்கியதும், மூக்கம்மாள் தன்னுடைய தார்ப்பாய்க் கயிற்றை நாவல் மரத்தில் கட்டினாள்.

“ஏட்டி, கயித்த அவுத்துரு.”

“மரம் என்ன ஒங்கப்பன் தண்ணி ஊத்தி வளத்ததா?”

“எவன் ஊத்துனான்னு கேக்கல. அவுக்கியா, இல்ல அத ஒன் கழுத்துல கட்டவா?”

“கட்டு பாப்போம். கட்டிட்டு நீ வீடு போய்ச் சேருதியான்னு பாக்கேன்.”

இசக்கிசெல்வியின் ஒரு கையில் கத்தி, மறு கையில் அன்னாசி. நல்லவேளை, கத்தியை எறியவில்லை. கொண்டையோடு இருந்த அன்னாசி மூக்கம்மாளின் புருவத்தில் போய் மோதியது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அந்த ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே மூக்கம்மாள் எடைக்கல்லை எடுத்து வீசினாள். அது இசக்கிசெல்வியின் தோளைப் பெயர்த்தது. அடுத்து இரண்டு பேரும் முடியைப் பிடித்துக்கொண்டு சாக்கடைக்குள் உருண்டார்கள். அருவிக்கு வந்த வெளியூர்க்காரன் ஒருத்தன் காரை விட்டு இறங்காமலே முழுவதையும் போனில் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் ஆவுடையப்பனின் தம்பி நயினார் ஓடி வந்தான். இலஞ்சியில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன்.

“மதினி, ஒங்களத் தமிழ்நாடே பாக்குது!”

“எதுக்கு?”

“அடிக்கியல்லா, அதுக்குத்தான். லச்சக்கணக்குல பாத்திருக்காவ. வீடியோ போட்டவன் காசு பாக்கான். அடிச்ச நீங்க தோள்ல பத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிய.”

எடைக்கல் பட்ட வலியைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

“நாமளே போட்டா எம்புட்டு வரும்?”

“ஆரம்பத்துல மாசம் ஒரு லச்சம். பொறவு நானே சொல்ல முடியாது.”

அவன் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னான். அந்த வழியில் அவன் ஒரு ரூபாயாவது சம்பாதித்திருக்கிறானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இசக்கிசெல்விக்குத் தெரிந்த சம்பாத்தியம் ஒன்றே ஒன்று, அது சீசன். மலையில் மேகம் இறங்கும், அருவி விழும், கூட்டம் வரும், கூட்டத்தின் பின்னாலேயே காசு வரும். கூட்டம் வந்துவிட்டது, காசு பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். குற்றாலத்தில் வளர்ந்த யாரும் அப்படித்தான் போடுவார்கள்.

“ஏளா, எடத்த விட்றாத. அது பாட்டுக்கு இருக்கட்டும், இதயும் பாரு,” என்று ஆவுடையப்பன் கெஞ்சினான்.

“ஒங்க ஆட்டோ மாதிரி உருண்டுக்கிட்டே கெடக்கச் சொல்லுதியளா?” என்றாள்.

நேராகப் போய்த் தன்னுடைய தார்ப்பாயை அவிழ்த்தாள். நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்த மூக்கம்மாளின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

“எடத்த நீயே வச்சுக்க. நான் போடுத பிச்ச.”

தார்ப்பாய் இருந்த இடத்தில் ஈரம் விழுவதற்குள் மூக்கம்மாள் தன் பாயை இழுத்து விரித்தாள்.

முதலில் நல்லபடியாகத்தான் தொடங்கினாள். பலாவைத் தட்டிப் பார்த்து வாங்குவது எப்படி, மங்குஸ்தானை நசுக்காமல் உடைப்பது எப்படி என்று நயினாரின் போனுக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அழகாகத்தான் பேசினாள். பார்த்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் பாதி சீட் காலியாகக் கிடக்கும். வீடியோவின் கீழே எழுதியிருந்ததை நயினார் வாசித்துக் காட்டினான்: “அக்கா, எப்ப அடிப்பீங்க?”

ஆகவே அடித்தாள். இளநீருக்கு அதிகம் கேட்டவனைச் செருப்பால் அடித்தாள். குடித்துவிட்டு வம்பு பேசினவன் கண்ணில் மிளகாய் உப்பை அள்ளிப் போட்டாள். அவன் சாலையில் கிடந்து துடித்ததை நயினார் சுற்றிச் சுற்றி எடுத்தான். அடித்த வீடியோவுக்குக் கூட்டம், அடிக்காத வீடியோவுக்கு ஈ கூட இல்லை. ஒருநாள் ஆவுடையப்பனையே நிறுத்தினார்கள். சும்மா பாவலாதான் என்று பேச்சு. ஆனால் அவளுடைய கைக்குப் பாவலா தெரியாது. அறைந்த அறையில் அவன் காதிலிருந்து ரத்தம் கசிந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கமாக நின்று யார் பேசினாலும் அவன் திரும்பி, மறு காதைக் கொடுத்துத்தான் கேட்பான். அடி வாங்கினவன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ரிஃபாத் வந்தாள். அச்சன்புதூர்க்காரி, போனில் வீடியோ போட்டுச் சுடிதார் துணி விற்கிறவள். வருசாவருசம் மங்குஸ்தானுக்கு இசக்கிசெல்வியிடம் வருவாள். மரத்தடியில் காணாமல் வீடு தேடி வந்துவிட்டாள்.

“யக்கா, ஒங்க எடத்துல மூக்கம்மா உக்காந்திருக்கா?”

“உக்காரட்டும். எனக்கு இனிமே போன்லதான் கட,” என்று டீயைக் கொடுத்தாள். ரிஃபாத் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“நானும் போன்லதான விக்கேன். மொத வருசம் வந்தது பார்சல் அனுப்பக்கூடக் காணல. இப்பமும் வீட்டுக்கு அரிசிக் காசு எங்க வீட்டுக்காரவுக சவுதியிலருந்து அனுப்புததுதான். இதுல வருதது மீன் காசு. மீன் காசுன்னு நெனச்சுச் செஞ்சா சந்தோசமாச் செய்யலாம். அரிசிக் காசுன்னு நெனச்சா பட்டினிதான் கெடக்கணும்.”

“ஒன் துணிய எவ பாக்கா? என்னய லச்சம் பேரு பாக்காவ.”

“பாக்கவுக எல்லாம் வாங்குதவுகளா யக்கா? அருவிக்குப் போற கூட்டம் பூராவும் ஒங்ககிட்ட பலாச்சுள வாங்கிட்டா போவுது?”

அது உண்மை என்று இசக்கிசெல்வியைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்ததனால்தான் கோபம் வந்தது. ரிஃபாத்தின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, சூடான டீயை முற்றத்தில் விசிறினாள். பாதி ரிஃபாத்தின் காலில் பட்டது.

“எந்திரி. மீன் காசு பேசுத வாயோட என் வீட்டு வாசல்ல நிக்காத.”

ரிஃபாத் காலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி மாதம் பாதியில் முதல் பணம் வந்தது. ஆவுடையப்பன் வாசித்துச் சொன்னான். தப்பாக வாசிக்கிறான் என்று போனைப் பிடுங்கி நயினாரிடம் கொடுத்தாள். அவனும் அதையேதான் வாசித்தான். ஒரு பெட்டி ரம்புட்டான் எடுக்கக்கூட அது காணாது.

“அடி பத்தல மதினி,” என்றான் நயினார். “ஜனங்க மூக்கம்மாவத்தான் கேக்காவ. மொத வீடியோல வந்தவளே திரும்ப வரணுமாம்.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சீசன் உச்சத்தில் நின்றது. அவளுடைய மரத்தடியில் இன்னொருத்தி அள்ளிக்கொண்டிருந்தாள். இந்தச் சீசனை விட்டால் அடுத்த ஆனி வரைக்கும் வீட்டில் உலை வைக்க வழியில்லை. இடம் திரும்ப வேண்டும். அதை வீடியோ எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி என்று கிளம்பினாள்.

அன்றைக்கு அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிட்டார்கள். கட்டையும் கல்லுமாகத் தண்ணீர் உருட்டிக்கொண்டு விழுகிற சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. குளிக்க முடியாத கூட்டம் முழுவதும் கடைகளுக்கு முன்னால் தேங்கி நின்றது. மூக்கம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாவைப் பிளந்துகொண்டிருந்தாள்.

“எந்திரி. எடத்த விடு.”

“பிச்ச போட்டத எவளாவது திரும்பக் கேப்பாளா?”

இசக்கிசெல்வி கூடையை ஒரு உதை உதைத்தாள். ரம்புட்டான் சாலை முழுக்க உருண்டது. மூக்கம்மாள் அருவாளோடு எழுந்து, அதன் முதுகுப் பக்கத்தால் வாயில் ஒரு போடு போட்டாள். உதடு கிழிந்தது, முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் விழுந்தது. இசக்கிசெல்வி பல்லைத் துப்பிவிட்டு மேலே பாய்ந்தாள். மூக்கம்மாள் அவள் முடியைப் பிடிக்கப் பார்த்தாள். எண்ணெய்க் கை வழுக்கியது. வழுக்கின நேரத்தில் இசக்கிசெல்வியின் விரல்கள் மூக்கம்மாளின் கம்மலில் கொக்கி போட்டன. இழுத்தாள். காதுமடல் கீழ்வரை கிழிந்து கம்மல் கையோடு வந்தது. மூக்கம்மாள் கத்திய கத்தலில் அருவிச் சத்தமே ஒரு கணம் அடங்கியது போல் இருந்தது.

கூட்டத்தில் ஒருத்தர் கூட விலக்கிவிட வரவில்லை. எல்லாருடைய கையும் போனைப் பிடித்திருந்தது.

“மதினி, செத்த இருங்க!” என்று நயினார் முன்னால் ஓடி வந்தான். “கம்மல் இழுத்தது மறைச்சிட்டு. இந்தப் பக்கமாத் திரும்பி இன்னொருக்க இழுங்க. இன்னொரு காது இருக்குல்லா.”

இசக்கிசெல்வி தன் கையைப் பார்த்தாள். கம்மலின் திருகாணியில் ஒரு துணுக்குச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் இரண்டு கையாலும் நல்ல காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிழிந்த காதையல்ல, நல்ல காதை.

இசக்கிசெல்வி திரும்பினாள். நயினாரின் கையிலிருந்து போனைப் பறித்துப் பலா வெட்டுகிற கட்டையில் வைத்து, கீழே கிடந்த அருவாளை எடுத்து இறக்கினாள். போன் இரண்டாகப் போனது. அடுத்து அவன் சட்டையைப் பிடித்து, முகத்தைப் பிளந்த பலாவுக்குள் வைத்துத் தேய்த்தாள். பால் ஒட்டிக் கண்ணைத் திறக்க முடியாமல் அவன் அலறினான். மூக்கம்மாளும் சும்மா இருக்கவில்லை. தோளில் ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்து வந்து அவன் இடுப்பில் ஓங்கி மிதித்தாள்.

“இன்னொரு காது இருக்காம்லா, இன்னொரு காது! ஒனக்கு ரெண்டு இருக்குல்லால, கொண்டா!”

அவன் தட்டுத் தடுமாறிப் போலீஸ்காரர்கள் கட்டின கயிற்றுக்குள் போய் விழுந்த பிறகுதான் விட்டார்கள்.

இரண்டு பேரையும் ஆவுடையப்பன்தான் ஆட்டோவில் ஏற்றித் தென்காசிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒருத்தி வாயில் துண்டு, மற்றவள் காதில் துண்டு. இசக்கிசெல்வி கம்மலை நீட்டினாள். மூக்கம்மாள் அதை வாங்கித் துடைத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

“டாக்டரு கேட்டா கயிறு மாட்டி இழுத்துட்டுன்னுதான் சொல்லுவேன்,” என்றாள் மூக்கம்மாள். “ஒன்மேல எரக்கப்பட்டு இல்ல. கேசுன்னு போனா ரெண்டு கடையும் போயிரும்.”

“எடத்தக் குடு யக்கா.”

“குடுக்க மாட்டேன்.”

“சோத்துக்கு என்ன செய்வேன்?”

“காது ஆறுத மட்டும் என்னால குனிஞ்சு வெட்ட முடியாது. நீ வந்து வெட்டு, கூலி தாரேன். எடம் எனக்கு.”

“எங்க எடத்துல எனக்கே கூலியா?”

“நீ போட்ட பிச்சதான.”

இசக்கிசெல்வியின் கை மேலே வந்தது. முன்னால் ஆவுடையப்பன் அடிபட்ட காதைத் தோளோடு ஒடுக்கிக்கொண்டு ஓட்டுவது அவள் கண்ணில் பட்டது. கை மடியில் போய் விழுந்தது.

மிச்சச் சீசன் முழுவதும் தன்னுடைய மரத்தடியிலேயே கூலிக்குப் பழம் வெட்டினாள். அடையாளம் கண்டுகொண்ட சிலர் போனைத் தூக்கினார்கள். “அடிக்கிற அக்காதான? ஒரு அடி அடிங்க.” அவள் அருவாளைப் பலாவின் நடுவில் இறக்குவாள். அந்தச் சத்தத்தில் ஒரு எட்டுப் பின்வாங்கி, சும்மா போகப் பயந்து ஆளுக்குக் கொஞ்சம் சுளை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அடுத்த ஆனியில், முதல் சாரல் விழுந்த காலையில், ஊர் விழிக்கும் முன்னால் போய்த் தார்ப்பாயைக் கட்டிச் சூடம் கொளுத்தினாள். மூக்கம்மாள் வந்தாள். கிழிந்த காது தையல் போட்டும் கோணலாகவே ஒட்டியிருந்தது. தன் கயிற்றை அதே நாவல் மரத்தில் கட்டினாள். இசக்கிசெல்வி அந்தக் கயிற்றை ரொம்ப நேரம் பார்த்தாள். அவிழ்க்கச் சொல்லவில்லை.

வீடியோவை அவள் விட்டுவிடவில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் ஆவுடையப்பன் போனைப் பிடிப்பான், இவள் பழத்தைப் பற்றிப் பேசுவாள். யாரையும் அடிப்பதில்லை. பார்க்கிறவர்களை ஏற்ற இப்போது இரண்டு பஸ் வேண்டும், அவ்வளவுதான். எப்போதாவது ஒருத்தர் போன் பண்ணி மங்குஸ்தான் கேட்பார். ஒரு பெட்டி கட்டிப் பஸ்ஸில் போட்டுவிடுவாள். ரிஃபாத் வந்தபோது நிற்கவைத்து டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. அது அவளுக்கு வராது.

“ஏட்டி,” என்று மூக்கம்மாள் ஒருநாள் கேட்டாள். “ஒன்னப் பாக்குத லச்சம் பேரு இன்னைக்கு என்ன குடுத்தாவ?”

“மீன் காசுகூட இல்ல யக்கா. உப்புக் காசு.”

“அப்பம் போய் உப்பு வாங்கிட்டு வா. அன்னாசிக்குத் தூவ உப்பு தீந்துட்டு.”

இசக்கிசெல்வி எழுந்து சேலையை உதறிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். அருவாளை எடுத்துத் தன்னுடைய பாயின் நடுவில் வைத்துவிட்டு மறுபடியும் போனாள்.