குளம் பார்த்த வீடு விற்பனைக்கு

நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். தண்ணீரே இல்லாத கிணற்றுக்கும் மோட்டார் விற்றுவிடுவேன் என்று ஆபீசில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். அப்பேர்ப்பட்ட நான் என் சொந்த வீட்டை விற்க முடியாமல் ஐந்து மாதம் திண்டாடினேன்.

ஊருக்குள் இருந்த ஒரு குளத்தின் கரையில் பழைய மில் ஒன்று மூடிக் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அதை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். கரையில் நடைபாதை போட்டு, விளக்குக் கம்பங்களும் சிமெண்ட் பெஞ்சுகளும் வைத்தார்கள். விளம்பரத் தாளில் இருந்த குளத்தில் ஒரு படகும் இரண்டு அன்னங்களும் நீந்தின. நான் அந்த அன்னங்களைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது மாடி, ஒரே ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. கூடத்தில் குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு சன்னல். டிவியும் சோபாவும் போட்டது போக, அந்தச் சன்னலோரம் ஒரு நாற்காலிக்கு இடம் மிஞ்சியது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதுசு. "இருக்கறது ஒரே ரூமுங்க. எங்க ஊட்டாளுக வந்தா எங்க படுப்பாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கொளம் இருக்குது பாரு அம்மணி" என்றேன். அவள் கேள்விக்கும் என் பதிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மழைக்காலத்தில் இரண்டு மாதம் அது குளமாக இருந்தது. மற்ற மாதங்களில் ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. வெயில் காலத்தில் நாற்றம், சாயங்காலம் ஆனால் கொசு. எதிரே அவ்வளவு தண்ணீர் கிடக்க, எங்கள் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. நான் எதற்கும் அசரவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "காபி ஆச்சா?" என்று குரல் கொடுப்பேன். கூட வேலை பார்க்கிறவர்களிடம் குளக்கரை வாசத்தைப் பற்றி நான் அளந்த அளப்பில், என்னைக் கண்டாலே சிலர் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. மனைவி பிரசவத்துக்கு வெள்ளகோவிலுக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம், எப்போது வருகிறாய் என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து கேட்டேன்.

"ஏனுங்க, கொழந்தயத் தூக்கீட்டு அந்தக் கொசுவுக்குள்ள நான் வரமாட்டனுங்க. அத வித்துப்போட்டு ரெண்டு ரூம் இருக்கற ஊடாப் பாருங்க. அன்னைக்கே வாரேன்."

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு வாரமும் அவள் என்னைப் புது ஆளாகப் பார்த்து அழுதாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் என்னை மாமா என்று கூப்பிடப் போகிறாள் என்று உண்மையிலேயே பயந்துபோனேன்.

பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்து, கீழ் வீட்டு போன் நம்பரைப் போட்டேன். சமையலறைச் சன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் இறங்கும். வாங்க வருகிறவர்கள் கண்ணில் அது படாதபடி சன்னலைச் சாத்தி, மேலே ஒரு பெரிய காலண்டரை மாட்டினேன். விற்பனைப் பிரதிநிதியின் மூளை!

ஆனால் வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டுவதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் சோறு போட்டேன். மூன்று மாடி ஏறி வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. எனக்குத் தெரிந்த ஒரே சமையல் அரிசிம்பருப்புச் சோறு. குக்கர் கத்துவதற்குள் "நீங்க எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்துவிடுவேன். அதுதான் வினை.

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கல்லூரியில் படிக்கும் மகனுக்காக வீடு தேடினார். சன்னலில் எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, இது என்ன வெள்ளாமைங்க? தளதளன்னு இருக்குதுங்களே!"

"வெள்ளாமை இல்லீங்க, கொளமுங்க."

"தண்ணி எங்கீங்க?"

"அடியில இருக்குதுங்க."

அதைக்கூட அவர் பெரிதுபடுத்தவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது என் மாமனார் ஊரைச் சொல்லித் தொலைத்தேன். விசாரித்துக்கொண்டே போனதில், மாமனாரின் சித்தப்பா மகனுக்கு இவருடைய தங்கையைக் கொடுத்திருப்பது தெரிந்தது. அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அப்படிப் பாத்தா நீங்க எங்க ஊட்டு மாப்பளையாச்சே! மாப்பளைகிட்ட வெலை பேசுனா நாலு பேரு என்னங்க சொல்லுவாங்க?"

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறை நான் போன் செய்தபோது, மனைவி முதலில் கேட்டதே, "வந்தவருக்குச் சோத்துல நெய்யே ஊத்தலையாமா?" என்றுதான்.

மொத்தம் பதினோரு பேர் வந்தார்கள். நான்கு பேர் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஏழு பேர், "ஊட்டுல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்று விடைபெற்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று பொருள். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த நான், கீழ் வீட்டில் போன் அடிக்கும்போதெல்லாம் படியிறங்கி ஓடினேன்.

பொறுத்துப் பார்த்த மனைவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்து இறங்கினாள். "இன்னைக்கு ஊட்ட நான் காட்டறனுங்க. நீங்க குக்கரத் தொடாதீங்க" என்றாள்.

அன்று வந்தவர் ஆர்.எஸ்.புரத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்த ஓர் ஓய்வுபெற்ற டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மனைவி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வெயில் காலத்துல நாத்தமடிக்குமுங்க. ஆறு மணிக்கு மேல கொசு. தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தானுங்க. ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க யாரு வந்தாலும் படுக்க எடமில்லீங்க."

இதுவும் போச்சு என்று நினைத்தேன். டீச்சருக்கோ கடைசி வார்த்தையில் கண் விரிந்தது.

"எங்கண்ணன் ஊட்டுல பதிமூணு பேரு அம்மணி. இங்க யாரும் வந்து தங்க முடியாதுன்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"சத்தியமா முடியாதுங்க."

டீச்சர் சன்னலோரம் போனார். "இங்க ஒரு நாற்காலிதான் போட முடியும்போல. யாரு உக்காருவீங்க?"

"அவருங்க."

"நீங்க?"

"எனக்கு எங்கீங்க நேரம்" என்று மனைவி சிரித்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

டீச்சர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், அடுத்த வாரம் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அரை மணி நேரத்தில் வீடு விற்றுவிட்டது.

குழந்தை பாலுக்கு அழுதது. மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த மாதம். குளம் நிறைந்திருந்தது.

"ஏனுங்க, இங்க உக்காந்தா அந்தக் கரை வரைக்கும் தெரியுதுங்களே!" என்றாள். "இத்தன நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

ஊர் பூராவும் தம்பட்டம் அடித்திருந்தேன். பதினோரு பேரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டியிருந்தேன். அவளை ஒருநாள் உட்காரச் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் நிற்கவும் இடமில்லாமல், காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன்.

பாலை அடுப்பில் வைத்தேன். இனி மறைக்க ஒன்றும் இல்லையே என்று காலண்டரைக் கழற்றிச் சன்னலைத் திறந்தேன். கழிவுநீர்க் குழாய் எதிரே இருந்தது. வாங்க வருகிறவர்கள் ஒரு நிமிடம்கூடப் பார்த்துவிடக் கூடாதென்று நான் மூடிவைத்ததை, அவள் ஒன்றரை வருடம் காலையும் மாலையும் பார்த்தபடி நின்றிருக்கிறாள்.

கூடத்தில் சன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, காபி ஆச்சுங்களா?"