தாமோதரனின் வியாழக்கிழமைக் கவர்கள்

போன வாரம் ஒரு நாள் காலையில் வானவடியிலிருந்து தொலைபேசி வந்தது. "அங்கிள், நான் தாமோதரன் பொண்ணு. பப்பா போயிட்டாங்க." தெரியாத எண். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து, பெயரையும் விலாசத்தையும் கேட்டுச் சரிபார்த்தேன். அழுகைக்கு நடுவே அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

அவரோடு வேலை செய்தவர்கள் படிப்பீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். சாங்வியில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு வெந்நீர் தரும் ஏற்பாட்டை ஒப்பந்தக்காரர் சார்பில் நடத்தியவர் அவர். மருத்துவமனைக்காக அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலை எனக்கு. அங்கே இரண்டு ஹீட் பம்புகள் உண்டு. முதலாவது மின்சாரத்தில் ஓடி, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைப் பாதி சுடவைக்கும். இரண்டாவதில் மோட்டாருக்குப் பதில் கேஸ் இன்ஜின். அது வீணாக்கும் சூடும் தண்ணீருக்கே போய்ச் சேரும். "பாதி மாடி கரண்டு ஏத்தட்டும், மீதியை இன்ஜின் ஏத்தும். ரெண்டுமே களைக்காது சார்" என்பார்.

அவர் கொடுத்த அளவுகள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிழை கிடைக்கவில்லை, அதனாலேயே சந்தேகம் வலுத்தது. பிறகுதான் கவனித்தேன், அறிக்கையில் வியாழக்கிழமைகளே இல்லை.

அதே சமயம் வாரம் ஒரு முறை அவரிடமிருந்து ஒட்டிய கவர் ஒன்று என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் தரப்பின் ஒட்டிய கவரை நான் பிரிப்பதில்லை. அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். நான்காவது கவர் வந்ததும், லஞ்சம் தர முயல்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதினேன்.

அடுத்த வியாழக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். வியாழன்தோறும் பராமரிப்புக்காக நிறுத்துவதுபோல் அன்றும் மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, தாமோதரன் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"அரே சார், ரெய்டா? முதல்ல சாய் குடிங்க."

"வியாழக்கிழமையை ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கறதா? இன்னைக்கு இன்ஜின் ஒண்டியா இழுக்குது, கேஸ் ஜாஸ்தி குடிக்குது. ரெண்டும் ஓடுற நாளோட இதைக் கலந்தா எல்லாமே பொய்யாயிடும். அதான் தனியா கவர்ல அனுப்புறேன். நீங்கதான் பிரிக்காமயே வாபஸ் பண்றீங்க. உள்ளே என்ன, பாம்பா இருக்கு?"

சிரித்தார். அப்போதும் நான் நம்பவில்லை. நான் திருப்பி அனுப்பிய நான்கு கவர்களையும் என் எதிரிலேயே பிரிக்கச் சொன்னேன். உள்ளே அளவுத் தாள்கள்தான் இருந்தன. "எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கோங்க" என்று கையில் கொடுத்தார்.

புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே எழுதத் தொடங்கினேன். வாக்கியங்களைத் திருத்தித் திருத்தி நான் அனுப்புவதற்குள் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டவர்களிடம் நான் வாய் திறக்கவில்லை.

பல மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் பார்த்தபோது சொன்னார்: "சந்தேகம் வந்தா என்கிட்டயே கேளுங்க சார், கோவிச்சுக்க மாட்டேன்." புகார் எழுதியது நான்தான் என்று தெரிந்துதான் சொன்னாரா? கேட்கத் தைரியம் வரவில்லை.

அவர் கை சுத்தமில்லை என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் புகாரை எழுதியவன் நான். அது தவறு. அந்தத் தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நாளை வானவடிக்குப் போய் அவர் பெண்ணிடம் முதலில் காட்டுவேன்.