பல்லி மேல் போட்ட பழி

வைத்தேலே சந்தைக்குப் பின்னால், கோழித் தீவனக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே இருக்கிறது ஃபெரெத்தியின் கம்ப்யூட்டர் கடை. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வயிறு திறந்து கிடக்கும் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள். இந்தத் தீவில் கடல் உப்பு திருகுகளைத் தின்னும், எறும்பு பெட்டிக்குள் குடியேறும், பல்லி சூடு தேடி உள்ளே போய் மின்சாரத்தில் காலை வைத்துச் சாகும். இருபது வருடமாக அவன் பிழைப்பு இந்த மூன்றையும் நம்பித்தான் ஓடுகிறது. செத்த பல்லிகளை அவன் எறிவதில்லை. சருகாய்க் காய்ந்தவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பான். "என்ன கோளாறு?" என்று கேட்பவர்களிடம் டப்பாவைத் திறந்து நீட்டுவான். கேட்டவர் பின்னால் நகர்வார், பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார்.

வேலையில் கெட்டிக்காரன். பாதிக் கோளாறைப் போனிலேயே தீர்த்துவிடுவான். "பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு பாட்டுப் பாடுங்க. பாட்டு முடிஞ்சதும் சொருகுங்க," என்பான். வைரஸ் என்று பதறுகிறவர்களிடம், "வைரஸ் இல்லக்கா, உங்க பையன் இறக்கி வச்ச விளையாட்டு," என்பான். அவனுக்கு ஒரே ஒரு விதி உண்டு. பெட்டிக்குள்ளே டிக் டிக்கென்று சத்தம் கேட்டால் ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது. வேறு எதையும் தொடாமல், உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுத்துவிட வேண்டும். அந்த விதியை அவன் மீறியது ஒரே ஒரு தடவை.

அது ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை. இரண்டு மணிக்கு ரக்பி இறுதி ஆட்டம். ஒன்றரைக்கு லோசிவாலே டீச்சர் வீட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"மருமகன் பென் டிரைவைச் சொருகினதுலேருந்து ஆமையா ஊருது தம்பி. வைரஸேதான்," என்றாள் டீச்சர்.

"பாத்துடலாம் டீச்சர்."

பெட்டியின் பக்கவாட்டு மூடி இல்லை. வெக்கையாக இருக்கிறதென்று டீச்சரின் கணவர் அலெசானா கழற்றி வைத்திருந்தார். ஃபெரெத்தி குனிந்ததும் கேட்டது. டிக், டிக், டிக். அவன் கை நின்றது. நகல் எடுக்கக் கடைக்குப் போய் வேறு டிஸ்க் கொண்டுவர வேண்டும். அதற்குள் ஆட்டம் பாதி முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து உத்தரத்தில் ஒரு பல்லி கத்தியது. 'பல்லிதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உத்தரத்துப் பல்லி பெட்டிக்குள்ளிருந்து கத்தாது என்பது இருபது வருடம் பெட்டி திறந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் வைரஸ் தேடும் வேலையை முடுக்கிவிட்டு, "சாயங்காலம் வரேன், யாரும் தொட வேணாம்," என்று ஓடினான். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைப்பது, நெஞ்சுவலிக்காரனை மலையேறச் சொல்வது போல. அவன் திரும்பி வந்தபோது அது கரகரவென்று தேய்ந்து, நின்றே போயிருந்தது.

"இதுக்கு நகல் இருக்கா டீச்சர்?"

"வம்சாவளிக்கு எவளாவது நகல் வைப்பாளா? கண்டவன் கையில சிக்கினா, குலத்தலைவர் பட்டம் எனக்குத்தான்னு வந்து நிப்பான். எழுதின நோட்டைக்கூட எரிச்சுட்டேன்." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கற?"

அந்த டிஸ்க்கில் இருந்தவை பதினோரு தலைமுறைப் பெயர்கள். யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்த நிலம் எந்தக் கிளைக்கு என்று தன் சித்தப்பா சொல்லச் சொல்ல டீச்சர் இரண்டு வருடம் தட்டியவை. சித்தப்பா ஈஸ்டரில் போய்ச் சேர்ந்துவிட்டார். டிசம்பரில் ஆக்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் வரும் சொந்தங்களுக்கு முன்னால் டீச்சர் அதை வாசிக்க வேண்டும்.

மூன்று நாள் ஃபெரெத்தி படாத பாடு பட்டான். டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ்பெட்டியில்கூட வைத்துப் பார்த்தான். அது கண் திறக்கவில்லை. நான்காம் நாள், கணவனும் மனைவியும் கடைக்கு வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால், பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு காய்ந்த பல்லியை இடுக்கியால் எடுத்தான். அதை டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் வைத்தான்.

"இதுதான் டீச்சர். உள்ள புகுந்து டிஸ்க்கைக் கருக்கிடுச்சு."

டீச்சர் பல்லியைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். "மூடிய மாட்டுன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்றாள். அலெசானா பல்லியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஊரே சொன்னது. ஒருநாள் அவர் கூடை நிறையச் சேப்பங்கிழங்கோடு கடைக்கு வந்தார். "நீ பாவம், ரொம்ப மெனக்கெட்ட தம்பி," என்று வைத்துவிட்டுப் போனார். ஃபெரெத்தியால் அந்தக் கிழங்கைத் தின்ன முடியவில்லை. பக்கத்துத் தையல் கடைக்குக் கொடுத்தான். தினமும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். தினமும் ஏதாவது ஒரு பெட்டி பழுதாகி அவனைக் காப்பாற்றியது.

டிசம்பரில் குடும்பம் கூடியது. மைக்கும் ஸ்பீக்கரும் கட்ட ஃபெரெத்தியைத்தான் கூப்பிட்டார்கள். டீச்சர் வீட்டில் சபை கூடுகிற, சுவரில்லாத பெரிய கூடத்தில் தூணுக்குத் தூண் பெரியவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒயரை இழுத்துக்கொண்டே உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

வாசிக்கிற நேரம் வந்தது. டீச்சர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அலெசானா வீட்டோடு மாப்பிள்ளை. முப்பத்தாறு வருடமாக அடுப்படிதான் அவர் இடம், சபையில் பேசியதே இல்லை. அன்று அடுப்புச் சாம்பல் படிந்த கையோடு வந்து நடுவில் மண்டியிட்டுத் தலையைத் தரையை நோக்கித் தாழ்த்தினார்.

"மூடியக் கழட்டினது நான். உங்க பாட்டன் முப்பாட்டன் பேரெல்லாம் என்னாலதான் போச்சு. மன்னிச்சுடுங்க."

வெள்ளை முடி உச்சியில் மெலிந்திருந்தது ஃபெரெத்திக்குத் தெரிந்தது.  அந்தச் சபையில் பேச அவனுக்கு அலெசானாவைவிடக் குறைந்த உரிமை. ஒயர் கையில் இருக்கும்போதே எழுந்தான்.

"அது என் கடைப் பல்லி," என்றான். "நாந்தான் வச்சேன். டிஸ்க் அன்னிக்கே டிக் டிக்னு சாகக் கிடந்துது."

சிட்னிக்காரர் ஒருவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். டீச்சர் கையைத் தூக்கியதும் சிரிப்பு அடங்கியது.

"சத்தம் கேட்டுதா, அன்னிக்கு?"

"கேட்டுது டீச்சர்."

"தெரிஞ்சுமா போன?"

"மேட்ச் இருந்துது." சொல்லும்போதே அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டீச்சர் எழுந்து கணவரிடம் போனாள். "எந்திரிங்க," என்றாள். "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

அலெசானா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஃபெரெத்தியைத் தாண்டும்போது நின்றார். குரலில் கோபமே இல்லை.

"அஞ்சு மாசமா இந்த வீட்டுல ஒரு பல்லியக்கூட நான் விட்டு வைக்கல தம்பி," என்றார். "கண்ணுல பட்டதையெல்லாம் அடிச்சுட்டேன்."