மைக் அக்கா காது பார்க்கப் படித்த கதை

மைக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது பேருந்து நிலையம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அங்கே அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது இன்றைக்கு வராது, யாருடைய குடை கழிப்பறையில் கிடைத்தது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நிர்வாகம் அவள் குரலைப் பதிவு செய்து கணினியில் ஏற்றிக்கொண்டு, "இனிமே நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம்மா" என்றது. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குரல் மட்டும் அங்கேயே வேலை பார்த்தது. அந்தப் பக்கம் போகும்போது "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று தன் குரலே ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டால், "நான் எங்கே வருந்தினேன்?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சண்டைக்குப் போவாள்.

கூண்டுக்குள் பேசியதெல்லாம் இப்போது வீட்டுக்குள் கொட்டத் தொடங்கியது. கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு இது சரிப்படாது என்று, அம்மா அனுமதி கேட்காமலே ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியின் காது பரிசோதனைப் பிரிவுக்குப் பயிற்சி உதவியாளர்கள் வேண்டுமாம். வயது தடையில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், முடிவில் தேர்வு, தேறினால் நிரந்தரம்.

சாப்பிடும்போது மைக் அக்கா கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரியில காது பார்க்கிற வேலைங்க."

"காசு பார்க்கிற வேலையா? எல்லாரும் அதுக்குத்தானே போறாங்க" என்றார் அவர்.

அவர் தச்சர். கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை சொந்தமாக வைத்திருந்தார். மரம் இழைக்கும் மிஷின் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அதிகம் பேசமாட்டார். மனைவி பேசப் பேச அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பெருமூச்சு விட்டதுண்டு. மைக் அக்கா மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள். "பார்ப்பாரு, ஆட்டுவாரு. ஒண்ணையும் காதுல வாங்கமாட்டாரு" என்பாள்.

நேர்முகத்தில் அவள் பேசிய பேச்சில் மயங்கி வேலை கொடுத்துவிட்டார்கள். சேர்ந்த அன்றே தெரிந்தது, அந்த வேலைக்கு முதல் தகுதி பேசாமல் இருப்பது.

பிரிவின் நடுவில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை போல் தடித்த பஞ்சுப் பலகை, கனத்த கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். நோயாளி உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பட்டனைப் பிடித்தபடி உட்காருவார். வெளியே இருப்பவர் மிஷினில் ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார். சத்தம் கேட்டால் நோயாளி பட்டனை அழுத்தவேண்டும். எவ்வளவு சின்னச் சத்தம் வரை கேட்கிறது என்று பார்த்துக் குறிக்கவேண்டும். அவ்வளவுதான். இதில் பேச ஒன்றுமே இல்லை.

பயிற்சி கொடுத்தது ஒரு மேடம். மகளைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அவள் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து கேட்கவேண்டும். மைக் அக்கா அவளை "மேடம்" என்பாள், மேடம் இவளை "அக்கா" என்பாள். திட்டும்போதும் அக்காதான். அதனால் திட்டு வாங்கியது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும்.

கை வேலையில் அக்காவைக் குறை சொல்ல முடியாது. காலையில் வந்ததும் ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு, ஒயரை அசைத்து அசைத்து, கரகரப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். காது மிஷினோடு வரும் பிளாஸ்டிக் டியூப் நாளாவட்டத்தில் விறைத்துப்போகும். பழையதை உருவிவிட்டு, புதியதைச் சாய்வாக நறுக்கி, துவாரத்தில் கோத்து இழுத்து, அளவு பார்த்து வெட்டி மாட்டுவாள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒரே இழுப்பு. டியூப் மாற்ற வந்த பெரியவர்கள் மாற்றி முடிந்த பிறகும் எழுந்து போகமாட்டார்கள். மருமகள் கதை, முட்டி வலி, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகருவார்கள்.

பரிசோதனையில் உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் கெட்டது. நோயாளி சரியாக அழுத்தினால், உள்ளே பேசுவதற்கென்று இருக்கும் மைக்கில் "சூப்பர்!" என்பாள். அழுத்தாவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். ஒரு கிழவருக்குச் சத்தம் அனுப்பிவிட்டு, "இப்ப வரும் பாருங்க" என்று புருவத்தை உயர்த்தினாள். கிழவர் மகராசனாக அழுத்தினார்.

"அக்கா, உங்க முகத்துல எல்லாமே எழுதி ஒட்டியிருக்கு" என்றாள் மேடம். "வீட்டு ஆளுங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவங்களை வெச்சுப் பழகுங்க. வாயைத் திறக்காம ஒரு டெஸ்டாவது முழுசா முடிங்க."

வேறு யார் கிடைப்பார்கள்? பட்டறைக்கு விடுமுறை நாளாகப் பார்த்துக் கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். அடைத்த அறைக்குள் தனியாக உட்கார்ந்தால் பயப்படுவார் என்று, நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராகப் போட்டு, தன்னைப் பார்த்தபடி உட்காரவைத்தாள். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். "சூப்பர்" இல்லை. உதடு பிதுங்கவில்லை. புருவம் இருந்த இடத்தில் இருந்தது. தன்னையே மெச்சிக்கொண்டாள்.

முடிவைப் பார்த்ததும்தான் அவளுக்கு வியர்த்தது. கனத்த சத்தம், கீச்சுச் சத்தம், கொசு பறப்பதுபோல் மெல்லிய சத்தம், எல்லாவற்றுக்கும் மனுஷன் பட்டனை அழுத்தியிருந்தார். பாம்புக் காது!

பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. அதுவே அவருக்குக் கலக்கமாக இருந்திருக்கவேண்டும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வெடித்தது.

"குண்டூசி விழுந்தாக்கூடக் கேட்கும் உங்களுக்கு. அப்போ இத்தனை வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தினது எல்லாமே காதுல விழுந்துதான் இருக்கு. வேணும்னே பேசாம இருந்திருக்கீங்க!"

"என்னது?" என்றார் அவர்.

"பார்த்தியாடி! இப்பவும் நடிக்கிறாரு உங்கப்பா!" என்று கதவைத் திறந்த மகளிடம் முறையிட்டாள்.

அந்த வாரம் அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொண்டுவராவிட்டால் முன்பெல்லாம் "காது கேட்கலையா?" என்பாள். இப்போது "காதுதான் கேட்குதே!" என்று ஒரு சுற்று. மகள் சமாதானத்துக்கு வந்து தானும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வாரக் கடைசியில் மேடம் பயிற்சித் தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறாரு?"

"மரப் பட்டறை, மேடம்."

"மிஷின் வெச்சா?"

"ஆமா. தெருமுனை வரைக்கும் கேட்கும் அந்தச் சத்தம்."

"அப்படிப்பட்டவருக்கு அஞ்சு வயசுக் குழந்தை காது மாதிரி வந்திருக்கே. எங்க உட்காரவெச்சீங்க?"

மைக் அக்கா பெருமையோடு நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராகப் போட்டுக் காட்டினாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"நீங்க எடுத்தது காது டெஸ்டா, கண் டெஸ்டா அக்கா? உட்கார்ந்து ஒரு சத்தம் அனுப்புங்க, பார்க்கலாம்."

அவள் அனுப்பினாள். மேடம் பின்னாலிருந்து அவள் வலது தோளில் விரலை வைத்தாள். "இன்னொண்ணு அனுப்புங்க." தோள் ஏறியது. "இன்னொண்ணு." மறுபடியும் ஏறியது. வாயைக் கட்டியாயிற்று, புருவத்தைக் கட்டியாயிற்று. அடைபட்டதெல்லாம் தோள் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அவரை மறுபடியும் அழைத்து வந்தார்கள். இந்தத் தடவை மேடமே நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். கண்ணாடி வழியாக மைக் அக்காவுக்குத் தெரிந்தது கணவரின் முதுகும், நரைத்த பின்னந்தலையும், பட்டனைப் பிடித்திருந்த கையும்தான்.

கனத்த சத்தங்கள் கேட்டன. கட்டைவிரல் அழுத்தியது. மெல்லச் சத்தத்தைக் கீச்சுப் பக்கமாக நகர்த்தினாள். விரல் அசையவில்லை. கொஞ்சம் கூட்டினாள். அசையவில்லை. இன்னும் கூட்டினாள். அவர் ஏதோ சத்தத்துக்காகக் காத்திருப்பதுபோல் தலையை லேசாகச் சாய்த்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே போட்டால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்த பிறகுதான் அந்தக் கட்டைவிரல், சந்தேகத்தோடு, ஒரு தடவை அமுங்கியது.

இடது காதும் அப்படித்தான்.

மைக் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தடவை அடக்கிக்கொண்டு இருக்கவேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. முடித்துவிட்டு, கனத்த கதவைத் திறந்து உள்ளே போய், அவர் தலையிலிருந்து ஹெட்போனைத் தானே கழற்றினாள்.

"போன தடவை ஏங்க அழுத்தினீங்க?" அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

அவர் மேடம் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "உனக்குப் பரீட்சைன்னு சொன்னியே. நான் அழுத்தலைன்னா உனக்கு மார்க் குறைச்சிடுவாங்கன்னு நினைச்சேன். உன் தோள் ஏறும்போதெல்லாம் அழுத்தினேன்."

"தோள் ஏறுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?" என்றார் அவர், என்ன கேள்வி இது என்பதுபோல். "நீ பேசறதுல பாதி எனக்குக் கேட்கிறதில்லை. பார்த்துத்தான் புரிஞ்சுக்கறேன். கோபம்னா உன் கழுத்து நீளும். காரியம் ஆகணும்னா தலை சாயும். சும்மா பேசறேன்னா கை ஆடும்."

மேடம் ஏதோ எடுக்கப் போவதுபோல் அறையைவிட்டு வெளியே போய்விட்டாள். மைக் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பட்டறையில காதை அடைச்சிக்கிட்டு வேலை பாருங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்றாள்.

"சொல்லியிருப்பே. கேட்டிருக்காது" என்றார் அவர்.

இழைப்பு மிஷின் அவர் காதின் கீச்சுப் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்துவிட்டது என்றும், போனது திரும்பாது, இருப்பதை வைத்துக் காது மிஷின் மாட்டலாம் என்றும் டாக்டர் சொன்னார். மாட்டிவிட்டது மேடம். தன் வீட்டு ஆளுக்குத் தானே மாட்டக்கூடாது என்பது விதி என்பதால், மைக் அக்கா பக்கத்தில் கைகட்டி நின்று, மேடம் டியூப் வெட்டுகிற சாய்வு சரியில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை. அந்த அளவுக்குப் படிப்பு ஏறியிருந்தது.

பாக்கி இருந்தது தோள். மகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மாவைச் சமையலறை மேடை முன்னால் உட்காரவைத்து, தோளில் ஒரு கரண்டியை வைத்து, "சத்தம் அனுப்புறதா நினைச்சுத் தட்டும்மா" என்பாள். மேடையில் விரல் தட்டியதும் கரண்டி விழும். அந்த வீட்டில் அந்த மாதம் விழுந்த கரண்டிச் சத்தத்துக்கு, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "புதுசா ஹோட்டல் ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் கரண்டி விழுவது நின்றது.

தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவர் முன்னால் மைக் அக்கா ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்குப் பரிசோதனை செய்தாள். என்ன செய்யவேண்டும் என்று ஆசிரியைக்கு விளக்கமாகச் சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கோயில் சிலை தோற்றது. அதிகாரி குறிப்பு எழுதிவிட்டு, "இவங்க இயல்பாவே ரொம்ப அமைதியானவங்க போல" என்றார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியதை மைக் அக்கா பார்த்தாள்.

தேறிவிட்டாள். இப்போது அவளுக்கு நிரந்தர வேலை.

வீட்டில்தான் நிலைமை தலைகீழானது. காதில் மிஷினோடு வந்த முதல் நாள் தச்சர் நடுக்கூடத்தில் நின்று, "என்ன சத்தம் அது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மின்விசிறி முனகுவது, குழாய் சொட்டுவது, அலமாரிக் கதவு கிறீச்சிடுவது. எல்லாம் வருஷக்கணக்காக இருப்பவைதான். கதவு செய்பவன் வீட்டிலேயே கதவு இப்படி அழுதால் ஊர் என்ன சொல்லும் என்று, எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். மனைவியிடமும், "ஏம்மா, இவ்வளவு சத்தமா ஏன் பேசறே?" என்று கேட்டார். அவள் அசந்துபோய் நின்றாள். அவருக்காகத்தான் இத்தனை வருஷமும் குரலைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து குறைத்துக்கொண்டாள். இதில் நஷ்டம் அடைந்தது எதிர்வீட்டு அம்மாள்தான். அந்த வீட்டுச் சேதியைச் செலவில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது நேரில் வந்து விசாரிக்கவேண்டியிருக்கிறது.

மகளும் ஒருநாள் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மா, நான் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு போன் பேசினா அப்பாவுக்குக் கேட்குமா?"

"மெதுவாப் பேசினா கேட்காது" என்றாள் மைக் அக்கா. பிறகு கொஞ்சம் யோசித்து, "யார்கூடடி பேசறே?" என்றாள்.

கூடத்திலிருந்து தச்சர் குரல் கொடுத்தார். "அதைத்தான் நானும் கேட்கணும்னு இருந்தேன்."