முன்வரிசையில் ஒரு கை

போன சனிக்கிழமை மாலை, ஒரு தேவாலய மண்டபத்தில், நான் கெஞ்சிக் கேட்டும் கேளாமல் மூன்று பேர் தங்கள் தொடையில் தட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

ரெக்கோடர் தெரியும்தானே? புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து நம் காதைப் பதம் பார்க்கும் அந்தப் பிளாஸ்டிக் குழல். அதற்கு ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. மரத்தில் செய்தவை... சின்னது, நடுத்தரம், பெரியது. நானூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பிய அரண்மனைகளில் ஊதியதை இன்றும் கூடி ஊதுகிற ஒரு குழு எங்கள் நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் பக்கம் இருக்கிறது. லைப்ரரி நோட்டீஸ் பலகையில் பார்த்தேன். புதியவர்கள் வரலாம், கருவியும் தருவோம் என்றிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? போனேன். தந்தார்கள் — வேறு யாரும் தொடாத பெரிய குழலை! பேஸ் ரெக்கோடர். எங்கள் ஸ்காபரோ பக்கம் போகிற பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி வசந்தி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“உதென்னப்பா, புட்டுக்குழலோ? ஊருக்கே புட்டவிக்கப் போறியளோ?”

வசந்தி சின்ன வயதில் முறையாகச் சங்கீதம் படித்தவள். நான் வெறும் கேள்வி ஞானம். கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கோஷ்டிக்கு முன்னால் நின்று தாளம் போட்டதுதான் என் மொத்தத் தகுதி.

ஊதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஊதாமல் இருப்பதுதான் கஷ்டம்! இந்தப் பழைய இசையில் சின்னக் குழல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். பெரிய குழல் எண்ணிக்கொண்டு காத்திருக்கும். தேவாலய மண்டபத்தில் நாங்கள் நடத்தவிருந்த நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டில் அப்படி ஒரு நீண்ட காத்திருப்பு. அது முடிகிற இடத்தில் மற்ற எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். நான் ஒருவன் தனியாக மெட்டை எடுக்க வேண்டும். முழு நிகழ்ச்சியிலும் எனக்கென்று இருந்தது அந்த ஒரு இடம்தான்.

நம் ஆட்கள் எப்படி எண்ணுவார்கள்? கையால்தானே? முதல் நாளே தொடையில் தட்டி, விரல் எண்ணி, ஆதி தாளம் போட்டேன். குழுவை நடத்துகிற ஹெலன் நிறுத்தினார். பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். அதட்டாமலே அடக்கத் தெரிந்தவர். “தாளத்தை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி சொன்னார்.

உள்ளுக்குள் வைத்தேன். அது உள்ளேயே தொலைந்து போனது.

ஒரு தரம் முந்தினேன், ஒரு தரம் பிந்தினேன். ஒரு தரம் எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க, நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றுக்குள் இருந்து, ஃபோனில் அந்தப் பாட்டைப் போட்டுப் போட்டுப் பழகினேன். மேலே குசினியிலிருந்து வசந்தியின் குரல் வரும்.

“இண்டைக்காவது அதை விடுங்கோவன்! வெங்காயம் வெட்டேக்கையும் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது.”

கடைசி ஒத்திகையிலும் பிழைவிட்டேன். ஹெலன் என்னைத் தனியே கூப்பிட்டார். அந்த இடத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடலாமா என்று பக்குவமாகக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வயதில் ஒரு குழலுக்காக! ஒரேயொரு சந்தர்ப்பம் தாருங்கள் என்றேன். சரியென்று தலையாட்டினார்.

சனிக்கிழமை, நிகழ்ச்சிக்குப் போகும் காரில் வசந்தி, அவளுடைய அக்கா, அத்தான். வழி முழுக்க நான் பாடம் எடுத்தேன். இடையில் கைதட்டக் கூடாது. ‘ஆகா’ சொல்லக் கூடாது. முக்கியமாக, தாளம் போடவே கூடாது. அங்கே எல்லோரும் அசையாமல் இருந்துதான் கேட்பார்கள்.

“எங்களைக் கச்சேரிக்கோ கூட்டிக்கொண்டு போறியள், செத்தவீட்டுக்கோ?” என்றாள் வசந்தி.

மூவரும் முன்வரிசையில் போய் இருந்தார்கள். எங்கே போனாலும் நம்மவர்கள் பின்வரிசை தேடுவார்கள். அன்றைக்கென்று முன்வரிசை!

கடைசிப் பாட்டு வந்தது. என் காத்திருப்புத் தொடங்கியது. எண்ணினேன். பாதியில் யாரோ இருமினார்கள்... எண்ணிக்கை போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. ஹெலனைப் பார்த்தேன், அவரும் ஊதுகிறவர், அவருடைய கண் தாளில் இருந்தது. அவ்வளவுதான், மானம் போகப் போகிறது என்று நிமிர்ந்தேன்.

முன்வரிசையில் வசந்தியின் கை போய்க்கொண்டிருந்தது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்... பக்கத்தில் அக்கா. அதற்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அத்தான். பின்னால் இருந்தவர்கள் வியப்போடு எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு அதொன்றும் கணக்கில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரியும் — பாட்டு வந்து விழப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் கை தானாக மேலே போகும். வசந்தியின் கை உயர்ந்தது. நான் மூச்சை இழுத்தேன். கை இறங்கியது.

ஊதினேன்!

மற்றக் குழல்கள் எல்லாம் ஓய்ந்த அந்த மண்டபத்தில் என் ஒரு குழல் மட்டும் கேட்டது. தடித்த, ஆறுதலான அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள்ளேயே அதிர்ந்தது. ஒரு பிசகும் இல்லை. முடித்ததும் மண்டபம் எழுந்து நின்றது. எனக்காக மட்டும் இல்லைதான். ஆனால் நான் எனக்காக என்றே எடுத்துக்கொண்டேன். யார் கேட்கப் போகிறார்கள்?

பிறகு ஹெலன் நேராக முன்வரிசைக்குத்தான் போனார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவேயில்லை. வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி ஒத்திகைக்கும் வரமுடியுமா, முன்னால் வந்து இருந்தால் போதும் என்று கேட்டார். அந்த இருமலில் தானும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஓரக்கண்ணால் இவளுடைய கையைப் பார்த்துத்தான் சரியான இடத்தில் நிறுத்தினாராம்!

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். “அந்த இடம் உமக்கெப்பிடித் தெரியும்?”

“ஒவ்வொரு பின்னேரமும் கீழ போட்டுக் கொல்லுறியளெல்லோ? எனக்குப் பாடமாப் போச்சு. உங்களுக்குத்தான் ஆகேல்லை.”

நீங்கள் ஊதுவதை நிறுத்தச் சொல்லி உங்கள் வீட்டில் யாராவது கத்துகிறார்களா? கவலையை விடுங்கள்... ஒரு இடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.